48,500 வருச வைரஸ்: பயப்படணுமா, வேண்டாமா?

#1 குறுக்குத்துறை

நேத்து ரெண்டு குரூப்புல ஒரே பார்வர்டு. சைபீரியாப் பனிக்கு அடியில 48,500 வருசமாத் தூங்குன ஜோம்பி வைரஸை எழுப்பிட்டாவளாம், அடுத்த கொள்ளைநோய் அதுதானாம். பிளஸ் டூ பிள்ளைகள் கேக்குது, பதில் சொல்லணும். மூணு கேள்வி. ஒண்ணு, எழுப்புததுன்னா உண்மையில என்ன செய்யுதாவ? ரெண்டு, அது மனுசனைத் தொடுமா? மூணு, இதுக்கும் நம்ம தாமிரபரணிச் சீமைக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? தெரிஞ்சவங்க பொறுமையாச் சொல்லுங்க. லிங்க் மட்டும் தட்டிவிட்டுட்டுப் போயிராதீங்க.

#2 நுண்ணோக்கி

எண் சரி, கொள்ளைநோய்க் கதைதான் கோளாறு.

நிரந்தர உறைபனி நிலம் என்றால் தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது பூஜ்யம் டிகிரிக்கு மேல் போகாத மண். அதற்கு மேலே கோடையில் இளகிக் குளிரில் உறையும் ஓர் அடுக்கு உண்டு. அதை இளகடுக்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த மேலடுக்கு இந்த இழையில் பின்னால் வரும்.

48,500 ஆண்டு என்று சொல்வது பண்டோராவைரஸ் யெடோமா. சைபீரியாவின் யாகூட்டியாவில் ஓர் ஏரியின் தரைக்கு 16 மீட்டர் கீழே எடுத்த மண்ணில் கிடைத்தது. பிரான்சின் மார்செய் நகரத்தில் கிளாவெரி, அபெர்ஜெல் குழு 2023 பிப்ரவரியில் வெளியிட்டது. மொத்தம் 13 புது வைரஸ்கள். அதற்கு முன் 2014-ல் இதே குழு, 30,000 ஆண்டு பழைய மண்ணில் இருந்து பித்தோவைரஸ் சைபெரிக்கம் எடுத்தது. நீளம் 1.5 மைக்ரோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே தெரியும் அளவு. 2015-ல் அதே மண்ணில் மொல்லிவைரஸ்.

இவை அத்தனையும் தொற்றுவது அகாந்தமீபா என்ற மண் அமீபாவை. தற்செயல் இல்லை, தூண்டிலில் அமீபாவைக் கோர்த்துப் போட்டார்கள், அமீபாவைத் தின்னும் வைரஸ்தான் மாட்டியது. மனித செல், விலங்கு செல் எதையும் தூண்டிலில் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். செய்முறை சுருக்கமாக: அமீபா வளர்ப்பில் கொஞ்சம் மண் கரைசல், கூடவே பாக்டீரியாவையும் பூஞ்சையையும் அடக்க மருந்து. தினமும் பார்ப்பார்கள். அமீபாக்கள் உருண்டு திரண்டு வெடித்தால் அந்தக் கரைசலைப் புது அமீபாவுக்கு மாற்றுவார்கள். அதுவும் வெடித்தால் வைரஸைப் பிரித்து மரபணு வாசிப்பு. பெரும்பாலும் தோற்பது முதல் கட்டத்திலேயே: மருந்துக்கு அடங்காத மண் பாக்டீரியாவோ பூஞ்சையோ அமீபாவை முந்திக்கொண்டு தட்டு முழுக்கப் படர்ந்துவிடும்.

ஒரு குறிப்பு: அகாந்தமீபாவே காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களின் கண்ணைப் பதம் பார்க்கும். அந்த ஆய்வகத்தில் கண்ணுக்குப் பயப்படவேண்டியது வைரஸை அல்ல, தூண்டில் புழுவை.

#3 தேரிக்காட்டான்

அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அது மண்ணுல இருந்துதான் வந்துச்சு, ஆய்வகத்துத் தூசியில இருந்து வரலைன்னு எப்படி நம்புதது?

இந்தக் கதை ஏற்கெனவே ஒருதரம் நடந்திருக்கு. 2000-ல விரீலண்ட் குழு 25 கோடி வருச உப்புப் படிகத்துல இருந்து பாக்டீரியாவை வளர்த்ததா எழுதுனாவ. தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பை எடுத்து லென்ஸ்ல பாருங்க, உள்ள குட்டிக் குட்டியா நீர்க்குமிழி இருக்கும். அந்த மாதிரிக் குமிழிக்குள்ள இருந்துதான். மேல்பரப்பை அமிலமும் காரமும் போட்டுக் கழுவிட்டுத்தான் துளைச்சாவ. ஆனா அதோட மரபணுவைப் பாத்தா இன்னைக்குச் சாக்கடல்ல இருக்கிற ஒரு பாக்டீரியாவோட கிட்டத்தட்ட ஒண்ணாக் கிடக்கு. 25 கோடி வருசம் பிரிஞ்சிருந்தா வித்தியாசம் எங்கவே? உப்பு இடையில கரைஞ்சு திரும்பப் படிஞ்சிருக்கும், இல்லைன்னா கலப்படம்னு சண்டை இன்னும் ஓயலை.

பித்தோவைரஸுக்கும் அப்படி ஒரு சொந்தக்காரன் பிரான்சுல சாக்கடைத் தண்ணியில கிடைச்சிருக்கான். அப்போ சந்தேகம் வரத்தானே செய்யும்?

#4 நுண்ணோக்கி

நல்ல கேள்வி. சாக்கடைச் சொந்தக்காரனின் மரபணு சைபீரியக்காரனோடு அச்சு அசலாக ஒத்துப்போகவில்லை, அடையாளம் காணும் அளவுக்கு வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாது. மாதிரி எடுக்கும்போதே கலப்படத்தைக் கண்காணிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த தந்திரம் 2011-ல் கனடாவின் யூகானில் எடுத்த 30,000 ஆண்டு மண்ணில் செய்தது. பச்சையாக ஒளிரும் மரபணு ஏற்றிய ஈகோலை பாக்டீரியாவை துளையிட்டு எடுத்த உறைந்த மண்தண்டின் வெளிப்பக்கத்தில் அவர்களே தெளித்துவிட்டார்கள். பிறகு தண்டை உடைத்து உள்நடுவில் அந்த ஒளிரும் மரபணு இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை என்றால் வெளியில் இருந்த எதுவும் உள்ளே போகவில்லை. மாவு சலித்தோமா என்று கேட்கிறவரிடம் சல்லடையைக் காட்டுவது மாதிரி.

திபெத்தின் குலியா பனிமுகடு ஆய்வில் (2021 வெளியீடு, 15,000 ஆண்டுப் பனி) வேறு வழி: வெளிப்புறம் அரை சென்டிமீட்டர் ரம்பத்தால் சீவி, எத்தனாலில் கழுவி, கடைசியில் கிருமிநீக்கிய நீரில் கழுவினார்கள். சரிபார்க்க, கிருமிநீக்கிய நீரை உறையவைத்துச் செய்த பொய்ப் பனித்தண்டின் வெளியே தெரிந்த பாக்டீரியாவையும் வைரஸையும் பூசி அதே வழியில் கழுவிப் பார்த்தார்கள். அது பனி, நம் பேச்சு மண். மண்ணில் விரிசல் வழியே நீர் இறங்கும், பனியில் அது குறைவு. தேரிக்காட்டார் சந்தேகம் மண்ணுக்குத்தான் அதிகம் பொருந்தும்.

#5 தாழிமூடி

மூணாவது கேள்விக்கு என் பங்கு. ஆதிச்சநல்லூர் தாழியைத் திறந்தா பழைய நோய் வருமான்னு இங்க ஒரு வதந்தி அடிக்கடி ஓடும். கணக்குப் போட்டே பாத்துருவோம்.

நியூசிலாந்து மோவாப் பறவை எலும்புகளை வச்சு 2012-ல ஒரு அளவு வந்தது. 13.1 டிகிரியில 242 எழுத்து நீள டிஎன்ஏ துண்டின் அரை ஆயுள் (பாதித் துண்டுகள் சிதைய ஆகுற காலம்) 521 வருசம். துண்டு நீளமானா அரை ஆயுள் அதே விகிதத்துல குறையும். வேதிவினைக்கு மோலுக்கு 127 கிலோஜூல் ஆற்றல் தடைன்னு வச்சுக்கிட்டா, நம்ம ஊர் 29 டிகிரி மண்ணுல சிதைவு வேகம் ஏறத்தாழ 16 மடங்கு. அப்போ 242 எழுத்துத் துண்டுக்கு அரை ஆயுள் சுமார் 31 வருசம். வெறும் 30 எழுத்துத் துண்டுக்கே 250 வருசம்தான். ஆதிச்சநல்லூருக்குக் கிடைச்ச கார்பன் காலம் கி.மு. 905, கி.மு. 696. அதாவது 30 எழுத்துத் துண்டுக்கே பத்துப் பதினோரு அரை ஆயுள் போயாச்சு, மிச்சம் ஆயிரத்துல ஒண்ணோ அதுக்கும் கீழயோ. மழை பெஞ்சு காயுற செம்மண்ணுல அதுவும் தாராளக் கணக்கு. தொல்மரபணு ஆளுங்க காதெலும்பையும் பல்லையும் தேடி அலையுததுக்குக் காரணம் இதுதான். துண்டு கிடைச்சாலே கொண்டாட்டம், உயிர் எழும்புதது எல்லாம் பேச்சுக்கே இல்லை.

ஆனா நுண்ணோக்கி அண்ணாச்சி, இதே கணக்கு உங்களைத்தான் குத்துது. பித்தோவைரஸ் மரபணு 6,10,000 எழுத்து. மோவா அளவுல அது முழுசா இருக்க அரை ஆயுள் ரெண்டரை மாசம். எவ்வளவு குளிர்னாலும் 30,000 வருசம் எப்படித் தாங்கிச்சு?

#6 நுண்ணோக்கி

எலும்புக் கணக்கை அப்படியே வைரஸுக்குப் போட்டால் இடிக்கத்தான் செய்யும். உயிரினம் செத்தவுடன் எலும்புச் செல்லின் சொந்த நொதிகளும் மண் பாக்டீரியாவும் டிஎன்ஏவை வெட்டத் தொடங்கிவிடும். அதோடு நிலத்தடி நீர் உள்ளே போய்வரும். டிஎன்ஏவில் அடெனின், குவானின் கழன்று விழுவதற்கு நீர்தான் காரணம். உறைமண்ணில் நீர் திரவமாக இருப்பது துகள்களைச் சுற்றி மெல்லிய படலமாக மட்டும். பித்தோவைரஸின் உறை 60 நானோமீட்டர் தடிமன். மரபணு அதற்குள் பத்திரமாகக் கிடக்கிறது. இன்னொன்று: தன் மரபணுவைப் படியெடுக்கும் நொதிகளைத் தானே சுமந்துகொண்டு போகிறது. அமீபாவின் உட்கருவைத் தொடாமல் சைட்டோபிளாசத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

இதோடு சேர்த்து, கோடிக்கணக்கான துகள்களில் ஒன்றிரண்டு தப்பினால் போதும். அமீபா அந்த ஒன்றைப் பெருக்கிக் காட்டிவிடும். எலும்பில் நாம் பார்ப்பது சராசரி. தூண்டிலில் பார்ப்பது தப்பிப் பிழைத்த ஒன்று.

அதனாலேயே எல்லா வைரஸுக்கும் இந்தச் சலுகை இல்லை. கொழுப்பு உறையும் ஆர்என்ஏவும் உள்ள இன்புளூயன்சா இப்படித் தாங்காது. அலாஸ்காவின் பிரெவிக் மிஷனில் 1918 காய்ச்சலில் செத்தவர்களை 1951-ல் ஹல்டின் என்ற ஆய்வாளர் தோண்டினார். முட்டையில் வளர்க்கப் பார்த்தார், எதுவும் வளரவில்லை. 1997-ல் அதே இடத்தில் மறுபடி தோண்டி எடுத்த நுரையீரலில் கிடைத்ததும் ஆர்என்ஏ துணுக்குகள் மட்டுமே. நார்வேயின் ஸ்வால்பார்டில் அதே காய்ச்சலில் செத்தவர்களை 1998-ல் தோண்டியபோது சவப்பெட்டிகள் ஆழத்தில் இல்லாமல் இளகடுக்கிலேயே கிடந்தன. எண்பது கோடை இளகி உறைந்த உடல்கள். பெரியம்மைக்கும் அதே கதை, யாகூட்டிய மம்மிகளில் 2012-ல் கிடைத்தது டிஎன்ஏ துண்டுகள்தான்.

#7 வாழைத்திசு

வைரஸையே பேசிக்கிட்டிருக்கீங்க. எழுப்பினதுல எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுறது செடி.

2012-ல ரஷ்யக் குழு சைலீன் ஸ்டெனோஃபில்லாங்கிற சின்னப் பூச்செடியை உயிர்ப்பிச்சாங்க. சைபீரியாவோட கோலிமா ஆத்துக்கரையில 38 மீட்டர் ஆழம், −7 டிகிரி, அணில் வளை ஒண்ணுல சேர்த்துவச்ச காய்கள், வயசு 31,800 வருசம். முளைச்சது விதை இல்லை. முத்தாத காய்க்குள்ள விதை ஒட்டியிருக்கிற சூல்திசுவை வெட்டித் திசு வளர்ப்புல போட்டாங்க. பூத்து, விதை கட்டி, அடுத்த தலைமுறையும் முளைச்சது.

நம்ம பக்கம் திசு வளர்ப்பு வாழைக்கு என்ன செய்யுதோமோ அடிப்படை அதேதான். எம்.எஸ்.ங்கிற ஊட்டக் கலவை, லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகார் 7-8 கிராம், பி.எச். 5.8, கிருமி நீங்க 121 டிகிரியில 15 பவுண்டு அழுத்தத்துல 20 நிமிசம். பி.எச். 5-க்குக் கீழ இறங்கினா அகார் கெட்டியாகாது, கஞ்சி மாதிரி நிக்கும். வெட்டுன இடம் கருத்துப்போனா பீனால் வடியுதுன்னு அர்த்தம்; அஸ்கார்பிக் அமிலக் கரைசல்ல நனைங்க, இல்லைன்னா கலவையில கரித்தூள் லிட்டருக்கு 2 கிராம் சேருங்க.

பழைய திசுவுல பெரிய தலைவலி வெளிக்கிருமி இல்லை, உள்ளயே குடியிருக்கிற பாக்டீரியா. மேல எவ்வளவு கழுவினாலும் போகாது. வாழையிலயே மூணாவது நாலாவது மறுவளர்ப்புல திடீர்னு அடியில பால் மாதிரிக் கலங்கும். 30,000 வருசச் செடின்னா அந்தக் கலங்கலையும் தூக்கி எறிய மனசு வராது, அதுவும் ஆராய்ச்சிதான். அபாயம்னு கேட்டா எனக்குத் தோணுறது இதுதான். செடியோட கூடவே கேக்காம வந்த விருந்தாளியைக் கணக்குல வச்சுக்கிட்டு அடைச்ச அறையில வளர்க்கணும், தோட்டத்துல நடக்கூடாது.

#8 தேரிக்காட்டான்

புழுவை விட்டுட்டீங்களேக்கா. கோலிமா பக்கம் 40 மீட்டர் ஆழத்துல இருந்து 46,000 வருச நூற்புழு, பனாக்ரோலைமஸ் கோலிமாயென்சிஸ், பேரு வச்சது 2023-ல. ஆண் துணை இல்லாமலே குட்டி போடுற இனம், அதனால ஒரு புழு எழும்புனா வம்சமே எழும்பிரும். முதல்ல எழும்பினது செத்துப்போச்சு, அதோட சந்ததிதான் தட்டுல ஓடுது. லேசா உலரும்போது டிரெகலோஸ் சர்க்கரையைச் சேத்துக்குது, அதுக்கப்புறம் உறைஞ்சாத் தாங்கும். திடீர்னு உறையவச்சாச் செத்துரும். ரோட்டிஃபர்ங்கிற குட்டி நீர்ப்பிராணி ஒண்ணு 24,000 வருசம் கழிச்சு எழும்பினதா எழுதுனது 2021-ல.

#9 கால்நடை_சங்கரன்கோவில்

எல்லாரும் 30,000 வருசத்துல நிக்கிறீங்க. ஆளைக் கொன்னது 75 வருசப் பழசு.

2016 ஜூலை, ஆகஸ்டு, ரஷ்யாவின் யமால் தீபகற்பம். வெயில் 35 டிகிரி வரைக்கும் போனது. இளகடுக்கு வழக்கத்தை விட ஆழமா இளகிச்சு. 2,000-க்கு மேல கலைமான்கள் செத்தன, 12 வயசுப் பையன் ஒருத்தன் இறந்தான், நிறையப் பேர் ஆஸ்பத்திரியில. நோய் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்), கிருமி பாசில்லஸ் ஆந்த்ராசிஸ். அங்க கடைசியா வந்தது 1941. ஆனா பனி இளகினது மட்டும் காரணம்னு எழுதிட்டுப் போறது அரைகுறை. 2007-ல கலைமான்களுக்குத் தடுப்பூசியை நிறுத்திட்டாங்க. மண்ணுல வித்து (கிருமியோட உறங்குநிலை) இருக்குங்கறது தெரிஞ்ச சங்கதி, கேடயத்தை இறக்கி வச்சதுதான் தப்பு.

அடைப்பான் வித்து தாங்குறதுக்கு உறைபனி வேண்டாம். உள்கருவுல நீர் கம்மி, டிபிகோலினிக் அமிலமும் கால்சியமும் நிறைய, டிஎன்ஏவைச் சின்னப் புரதங்கள் கட்டிப்போட்டிருக்கும். தாழிமூடி தம்பி போட்ட கணக்கு இதுக்கு ஓடாது. ஸ்காட்லாந்தின் குரூயினார்டு தீவுல 1942-43-ல அடைப்பான் குண்டு வெடிச்சுப் பாத்தாங்க. 1986-ல 280 டன் ஃபார்மால்டிஹைடு கரைசலைக் கடல்தண்ணியில கலந்து நிலத்தை நனைக்கும் வரைக்கும் அங்க யாரும் குடியிருக்க முடியலை.

குறுக்குத்துறை சாரோட மூணாவது கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. இது நம்ம நாட்டு மண்ணுலயும் இருக்கிற நோய். மாடோ ஆடோ திடீர்னு செத்து, வயிறு உப்பி, மூக்கு, ஆசனவாய் வழியாக் கருத்த ரத்தம் உறையாம வடிஞ்சா அறுக்கவே கூடாது, தோல் உரிக்கக் கூடாது. காரணம் வெறும் சுத்தபத்தம் இல்லை. உடம்புக்குள்ள இருக்கிறது வித்து இல்லை, சாதாரண பாக்டீரியா. மூடின உடம்புல அழுகல் கிருமிகளோட போட்டி போட முடியாம நம்ம வெயிலுக்கு ரெண்டு மூணு நாள்ல செத்துரும். கத்தி பட்டுக் காத்து புகுந்தாத்தான் வித்தா மாறும். ஒருதரம் வித்தானா அந்த இடம் பல பத்து வருசத்துக்கு முடிஞ்சது.

துவாரங்களை ஃபார்மலின் நனைச்ச பஞ்சால அடைங்க, பாலித்தீன்ல சுத்துங்க, நாய் காக்கா அண்டவிடாதீங்க. ஆத்துப் பாசன வயல்ல ஆறடி தோண்டினாத் தண்ணி ஊறும், அங்க புதைச்சாப் பிசான நெல் உழவுக்கு வித்து மேல வரும். மேட்டுநிலம் பாருங்க. எரிக்க முடிஞ்சா எரிக்கிறது மேல். உடம்பு எரிஞ்சாப் போதாது, ரத்தம் சிந்தின மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி அதே தீயில போடணும்.

#10 தாழிமூடி

> எரிக்க முடிஞ்சா எரிக்கிறது மேல்

புதைக்கிறதா இருந்தா சுண்ணாம்பு போடணும்னுதானே டாக்டர் எல்லா நோட்டீசுலயும் இருக்கு? நீங்க அதை விட்டுட்டீங்க.

#11 கால்நடை_சங்கரன்கோவில்

வேணும்னுதான் விட்டேன். மத்த நோய்க்குச் சரி, அடைப்பானுக்குச் சுண்ணாம்பு சந்தேகம். வித்து நிலைச்சு நிக்கக் கால்சியம் தேவை, சுண்ணாம்பு அதை அள்ளிக் கொடுக்குது. 2008-லயே கனடாக் கால்நடை இதழ்ல இந்த எச்சரிக்கை வந்தாச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட வழிகாட்டியும் அடைப்பானுக்குச் சுண்ணாம்பை ஆதரிக்கலை. சுண்ணாம்புக் காரம் மேற்பரப்புல இருக்கிற பாக்டீரியாவைக் கொல்லும், வித்தைக் கொல்லாது. நம்ம ஊர் வழக்கம் மாற நாளாகும். அதுக்காக நான் ஒத்துக்க முடியாது.

#12 தேரிக்காட்டான்

அப்போ சுண்ணாம்புக்கல் பாறை உள்ள நிலத்துல நோய் திரும்பத் திரும்ப வாரதும் அதனாலதானா?

#13 கால்நடை_சங்கரன்கோவில்

கால்சியம் மிகுந்த, காரத்தன்மையான, மக்கு நிறைய உள்ள மண்ணுல அதிகம்னு பல நாட்டு அனுபவம் உண்டு. தேரிச் செம்மணல்ல மக்கு கம்மி, நீங்க அந்த வகையில தப்பிச்சீங்க.

தடுப்பூசி பத்தி ஒரு வரி. ஸ்டெர்ன் வித்துத் தடுப்பூசி, இராணிப்பேட்டையில தயாராகுது. கிருமியைச் சுத்திக் கூடு கட்டும் மரபணுத் துண்டு இல்லாத ரகம், அதனால நோய் தராது, ஆனா உயிருள்ள வித்து. ஊசி போடுற வாரத்துல பென்சிலின் போட்டா ஊசி வீண். முன்னும் பின்னும் ஒரு வாரமாவது ஆண்டிபயாட்டிக் கூடாது. வருசத்துக்கு ஒருதரம், மழைக்கு ஒரு மாசம் முந்தி.

#14 நுண்ணோக்கி

டாக்டர் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஆனால் பழைய பாக்டீரியாவை முழுசாக ஒதுக்க வேண்டாம். நான் மேலே சொன்ன யூகான் மண்ணில் பென்சிலின் வகை, டெட்ராசைக்கிளின், வான்கோமைசின் மூன்றுக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்தன. மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்கு 30,000 ஆண்டு முன்பே. எதிர்ப்பு புதிது இல்லை என்பதே அதன் செய்தி. இளகும் மண்ணில் இருந்து புதுச் சேர்க்கை ஆற்றில் கலக்கும் என்பதும் உண்மை. அந்த ஆறுகளில் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக் கழிவு கலப்பதோடு ஒப்பிட்டால் எது பெரிது என்று கேட்டால், என் பணத்தைக் கழிவுப் பக்கம்தான் கட்டுவேன்.

2023-ல் கணினிக்குள் செயற்கை உயிரிகளை வைத்து ஒரு சோதனை வந்தது. பழைய ஊடுருவிகளை இன்றைய சமூகத்தில் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. சுமார் 1 சதவீதத்தில் மட்டும் உயிரின வகைகள் 32 சதவீதம் வரை குறைந்தன, சிலவற்றில் 12 சதவீதம் வரை கூடவும் செய்தன. அது கணினி. சைபீரியாவைப் பற்றிய கணிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

#15 தேரிக்காட்டான்

நிலம் இளகுனா உண்மையில முதல்ல விழுறது கட்டடம். 2020 மே மாசம் ரஷ்யாவோட நோரில்ஸ்க்ல டீசல் தொட்டி அடித்தாங்கி இறங்கி 21,000 டன் டீசல் கொட்டிச்சு, ஆறு செவப்பாச்சு. அந்த மண்ணுக்குள்ள கிடக்கிற கரி 1,46,000 கோடி டன்னுக்கு மேல, காத்து மண்டலத்துல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. வைரஸுக்குத்தான் தலைப்பு, இதுக்கு உள்பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி.

#16 குறுக்குத்துறை

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைகளுக்கு அமீபாத் தூண்டிலும் ஆதிச்சநல்லூர்க் கணக்கும் போதும், அதை வச்சே ஒரு பீரியட் ஓட்டிருவேன். டாக்டர், ஒண்ணே ஒண்ணு. அறுக்காமலே அடைப்பான்னு எப்படி உறுதி செய்யுதது?

#17 கால்நடை_சங்கரன்கோவில்

காது நரம்புல ஒரு சொட்டு ரத்தம், கையுறை போட்டுக்கிட்டு. கண்ணாடித் தகட்டுல மெல்லிசா இழுத்துக் காயவிட்டு, பழைய பாலிகுரோம் மெத்திலீன் நீலச் சாயம் போடணும். புதுசாக் கலக்கினது சரியா வராது, மாசக்கணக்கில் காத்துப் பட்டுப் பழுக்கணும். நீலச் சதுரமுனைக் கம்பிகள், சுத்தி இளஞ்செவப்புக் கூடு தெரிஞ்சா அதுதான். செத்து ஒரு நாளுக்கு மேல ஆனா கூடு கரைஞ்சிரும், அழுகல் கிருமியும் கம்பியாத் தெரிஞ்சு ஏமாத்தும். குத்தின இடத்தைப் பஞ்சு வச்சு அழுத்தி ஃபார்மலின் தொட்டு அடைச்சிருங்க, ஒரு சொட்டு மண்ணுல விழக்கூடாது. தகட்டை எடுக்கிறதும் நீங்களா செய்யாதீங்க, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிடுங்க.